ஒரு மோசமான பந்துவீச்சாளரின் சாட்சியம்

ஆமோஸ் கெஸ்லர் பத்தொன்பது வருஷம் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசிச் சம்பளம் வாங்கியவர். எப்படி வீசினார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே, "படு மோசம்" என்பார்கள். கேட்டவர்களிலும் சொன்னவர்களிலும் அவர் வீசி நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு, மனைவி கோராவின் ஊர் என்பதால் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து விதைக்கடை வைத்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. மோசமாக வீசினார் என்ற செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தவர் அவரேதான்.

டிசம்பர் மாதம் வியாபாரிகள் சங்கத்தின் வருடாந்திர விருந்து மெதடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நடக்கும். பன்றித்தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் முடிந்து காப்பி வரும்போது ஆமோஸ் எழுந்து நிற்பார். உயரமான மனிதர், கை இரண்டும் முழங்கால் வரைக்கும் தொங்கும். ஜனங்களின் தலைக்கு மேலே, சுவரில் ஏதோ படம் மாட்டியிருப்பதுபோல் பார்த்துக்கொண்டு, மழை வருமா என்று விசாரிக்கிற குரலில் ஆரம்பிப்பார்.

"மைதானத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் சோளம் போட்டிருந்தாரு. நான் வீசுற நாள்ல மட்டும் அறுவடையை நிறுத்திட்டு, தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டு உக்காந்துருவாரு."

கூடம் குலுங்கும். அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது.

"ஒருத்தன் இருபத்தொண்ணாம் வருஷம் அடிச்ச பந்து இன்னும் கீழ இறங்கலை. நான் வெளிய கிளம்பறப்ப தொப்பி போட்டுக்கறது வெயிலுக்காக இல்லை."

மேஜையைத் தட்டிச் சிரிப்பதில் முதல் ஆள் ஹார்லன் பீட்டி. சங்கத்தின் தலைவர், கார் விற்பவர், சிவந்த முகம், நல்ல குரல். "இன்னொண்ணு, ஆமோஸ், இன்னொண்ணு" என்று கேட்பவரும் அவர்தான். மறுவாரம் ஊர்ப் பத்திரிகையில் ஆமோஸ் பேசியது அரைப் பத்தி வரும். பீட்டி அதைக் கத்தரித்து ஒரு ஆல்பத்தில் ஒட்டி, கீழே தேதி எழுதி வைப்பார். இது எனக்கு அப்போது தெரியாது. நீதிமன்றத்தில் அந்த ஆல்பம் என் மேஜை மீது வைக்கப்பட்டபோதுதான் தெரிந்தது.

நான் எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். என் பெயர் எமிலி ஹவ்லிக். யார் என்ன பேசினாலும் அப்படியே எழுதவேண்டும். பேசுகிறவர் சொல்வது நிஜமா என்று யோசிக்க ஆரம்பித்தால் கை பின்தங்கிவிடும். அதனால் நான் யோசிப்பதில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விளாஸ்தா குபிக் என்ற அம்மாள் மெயின் ரோட்டைக் கடந்தார். ஹோட்டலில் துணி வெளுக்கிறவர், ஐம்பத்திரண்டு வயது, கை நிறையத் தலையணை உறைகள். பீட்டியின் நீல நிறக் கார் அவர்மேல் மோதியது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பீட்டி தானே அவரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், பூங்கொத்தும் அனுப்பினார். ஆனால் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. தான் இருபது மைல் வேகத்தில்தான் வந்ததாகவும், அந்த அம்மாள் துணிமூட்டையால் முகம் மறைந்து, பார்க்காமல் குறுக்கே வந்ததாகவும் சொன்னார். விளாஸ்தா வழக்குப் போட்டார்.

அந்த நேரத்தில் தெருவில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் சத்தம் கேட்டபிறகுதான் திரும்பிப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார்கள். மோதுவதற்கு முன்பே பார்த்தவர் ஒருவர்தான். முடிவெட்டும் கடை வாசல் பெஞ்சில், தன் முறைக்காகக் காத்திருந்த ஆமோஸ் கெஸ்லர்.

அவராக முன்வந்து சொல்லவில்லை. விளாஸ்தாவின் வக்கீல் பெல், படிப்பு முடித்து இரண்டே வருஷம் ஆன பையன், கடை கடையாகப் போய்க் கேட்டார். ஆமோஸ் விதை மூட்டையைத் தைத்துக்கொண்டே, "பார்த்தேன்" என்றாராம். "எவ்வளவு வேகம்?" என்றதற்கு, "கோர்ட்டுல கேளுங்க. கேட்டா சொல்லித்தானே ஆகணும்" என்றாராம்.

வழக்கு அக்டோபரில் வந்தது. பீட்டிக்காக ஒமாஹா நகரத்திலிருந்து ஸ்டிரௌட் என்ற வக்கீல் வந்திருந்தார். மெல்லிய குரல், சாம்பல் நிறக் கோட்டு. ஒரு நாளும் அவசரப்படாத மனிதர். கூடம் நிறைந்திருந்தது. கோரா கெஸ்லர் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சங்க விருந்துகளிலும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். புருஷன் பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெல் கேட்டதற்கெல்லாம் ஆமோஸ் நேராகப் பதில் சொன்னார். வங்கி மூலையில் கார் திரும்பியபோதே கண்ணில் பட்டது. அந்த அம்மாள் அதற்கு முன்பே பாதி ரோட்டைத் தாண்டிவிட்டார். கார் நாற்பது மைலுக்குக் குறையாது.

"நாற்பதுன்னு எப்படி சொல்றீங்க?"

"ஒரு சாமான் நம்மளை விட்டு எவ்வளவு வேகமா போகுது, நம்மகிட்ட எவ்வளவு வேகமா வருதுங்கிறதைப் பார்த்துத்தான் பத்தொன்பது வருஷம் சாப்பிட்டேன்."

பெல் உட்கார்ந்தார். ஸ்டிரௌட் எழுந்து வந்து, அந்த ஆல்பத்தை என் மேஜை ஓரத்தில் வைத்துப் பிரித்தார்.

"மிஸ்டர் கெஸ்லர், நீங்க வீசின பந்து எவ்வளவு நேரத்துல மட்டைக்காரர்கிட்ட போய்ச் சேரும்?"

"அரை வினாடிக்குள்ள."

"அப்படியா. நாற்பத்தாறு டிசம்பர்ல நீங்க வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே. 'என் வேகப்பந்து மேல ஒரு குருவி வந்து உக்காந்து, இளைப்பாறிட்டுப் பறந்து போச்சு.' இது நீங்க சொன்னதுதானா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ஜூரியில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆமோஸ் அவர்கள் தலைக்கு மேலே பார்த்தார்.

"குருவி இல்லைங்க, புறா. பத்திரிகைக்காரர் என் மேல இரக்கப்பட்டுச் சின்னதாக்கிட்டாரு."

சிரிப்பு அதிகமானது. நீதிபதிகூட மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பதிவில் இந்த மாதிரி இடத்தில் 'சிரிப்பு' என்று ஒரு வார்த்தை போடுவேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் மூன்று தடவை போட்டேன். பீட்டியும் தன்னை மறந்து சிரித்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து கைக்குட்டையை எடுத்தார்.

ஸ்டிரௌட்டும் சிரித்தார். பக்கத்தைப் புரட்டினார்.

"நாற்பத்துநாலு டிசம்பர். 'எதிர உக்காந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் விரல்ல காட்டுற சைகை ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்லை. கண்ணு அப்படி. எது கேட்டாலும் தலையாட்டிட்டு எனக்குத் தெரிஞ்ச ஒரே பந்தை வீசுவேன்.' சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கேட்சர் உங்ககிட்ட இருந்து எத்தனை அடி?"

"அறுபது அடி சொச்சம்."

"வங்கி மூலை அந்த பெஞ்சுல இருந்து இருநூறு அடி." ஸ்டிரௌட் இன்னொரு பக்கம் புரட்டினார். "நாற்பத்தேழு. 'எனக்கு ஞாபகசக்தி கிடையாது. முந்தின நாள் ஆட்டத்துல என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருந்திருந்தா, மறுநாள் மைதானத்துக்குப் போயிருப்பேனா?' இதுவும் நீங்கதானே?"

"நான்தான்."

இப்போது சிரித்தவர்கள் குறைவு. ஸ்டிரௌட் ஆல்பத்தை மூடினார்.

"கண்ணு தெரியாது, வேகம் தெரியாது, முந்தின நாள் நடந்தது மறந்துபோகும். எல்லாம் உங்க வாயால சொன்னது. இதெல்லாம் நிஜமா, மிஸ்டர் கெஸ்லர்?"

என் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. நீதிபதி, "கேள்விக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

"நிஜம் இல்லை."

"அப்போ ஊர்ப் பெரியவங்க நூறு பேர் முன்னாடி நின்னு, இல்லாததைச் சொல்ற பழக்கம் உங்களுக்கு உண்டு."

"அது வேடிக்கைக்கு."

"அவங்களும் உங்களை நம்பினாங்க. உங்க முகத்தைப் பார்த்தா வேடிக்கைன்னு யாருக்கும் தெரியாதுங்கிறது உங்க கெட்டிக்காரத்தனம். இன்னைக்கும் அதே முகம்தான் வச்சிருக்கீங்க. இந்த ஜூரி எதை நம்பறது? நீங்களே சொல்லுங்க. நிஜமா நீங்க எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?"

ஆமோஸ் கோராவைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். கோழி திருடியவர்கள் ஒப்புக்கொள்வதை நான் எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கவுண்டியில் இன்னொரு குடும்பம் வைத்திருந்ததை ஒருவர் ஒப்புக்கொண்டபோதும் எழுதினேன். ஆமோஸ் அடுத்துப் பேசியது அந்தக் குரலில்தான்.

"என் கண்ணு நல்லா இருந்தது. இப்பவும் படிக்கத்தான் கண்ணாடி. அறுபது அடி தள்ளி கேட்சர் நகத்துல அழுக்கு இருந்தா எனக்குத் தெரியும்."

"ம்."

"பந்து வேகமாத்தான் போச்சு. பெரிய லீக்ல ஒண்ணரை சீசன் வீசினேன். தோள்பட்டை போச்சு, அதனால திருப்பி அனுப்பிட்டாங்க. மத்ததெல்லாம் சின்ன லீக்." அவர் நிறுத்தினார். அவ்வளவு போதும் என்று நினைத்திருக்கவேண்டும். ஸ்டிரௌட் காத்துக்கொண்டே நின்றார். "நூத்தி நாற்பத்தஞ்சு ஆட்டம் ஜெயிச்சேன்" என்றார் ஆமோஸ்.

கூடத்தில் இருந்தவர்கள் இருபது வருஷமாக அவரிடம் விதை வாங்கியவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, நாட்டின் முதல்தர ஆட்டக்காரர்களுக்கு எதிராகப் பெரிய லீக்கில் வீசிய மனிதர் ஒருவர் தங்களுக்கு வெங்காய விதை நிறுத்துக்கொடுத்திருக்கிறார் என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"நல்ல ஆட்டக்காரர் எதுக்கு மோசம்னு சொல்லிக்கணும்?" ஸ்டிரௌட் இதைக் கேட்டிருக்கவேண்டியதில்லை. நல்ல வக்கீல்கள் பதில் தெரியாத கேள்வியைக் கேட்பதில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"பதினொண்ணாம் வருஷம் அயோவாவுல ஒரு ஆட்டம். கடைசி நேரத்துல வரிசையா நாலு பேருக்குக் குறி தப்பி வீசித் தோத்தோம். அன்னைக்குச் சாயந்தரம் ரயில்ல ஏறினேன். பெட்டி பூரா அந்த ஆட்டத்தைப் பார்த்த ஜனம். நான் யாருன்னு தெரியாம என்னைப் பத்தியே பேசறாங்க. ஒருத்தர், 'அந்தக் கெஸ்லரைத் தூக்கி ஆத்துல போடணும்'னாரு. நான், 'அவனே குதிச்சாலும் குறி தப்பிக் கரையிலதான் விழுவான்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சொன்னவரு பொட்டலத்தைப் பிரிச்சு எனக்கு ஒரு கோழிக்கால் கொடுத்தாரு. மூணு ஸ்டேஷன் அவங்களோட சிரிச்சுக்கிட்டே போனேன்."

"அதனால?"

"அடி விழப்போகுதுன்னு தெரிஞ்சா நானே அடிச்சுக்கறேன். நாம அடிச்சுக்கிட்டா மெதுவா அடிச்சுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவைக்கச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் போடாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

அன்று நீதிமன்றம் கலைந்தபோது வாசல் படியில் கோரா அவரை நிறுத்திவைத்துக் கைப்பையைத் திறந்தார். உள்ளே பழைய பத்திரிகைத் துணுக்குகள் ரப்பர் வளையம் போட்டு இருந்தன. "நூத்தி நாற்பத்தாறு" என்றார்.

"விடு கோரா."

"இருபத்திநாலுல சூ சிட்டில ரெண்டாவது ஆட்டம். மழை வந்து ஒன்பது இன்னிங்ஸை அஞ்சோட நிறுத்தினாங்களே, அது. ஜெயிச்சது உங்க கணக்குலதான் எழுதியிருக்கு. இதோ."

"அது ஒரு ஆட்டமா. பாதி நேரம் எல்லாரும் தார்ப்பாய்க்குக் கீழ நின்னோம்."

"கைய தூக்கிச் சத்தியம் பண்ணிட்டு உள்ள உக்காந்தீங்க."

நான் அவர்களைத் தாண்டி இறங்கவேண்டியிருந்தது. "மிஸ் ஹவ்லிக், எழுதினதைத் திருத்த முடியுமா?" என்று ஆமோஸ் கேட்டார். முடியாது, நீதிபதியிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றேன். மழையில் பாதியில் நின்ற அந்த ஆட்டம் அவருக்கு அன்று வரைக்கும் அவ்வளவு கசந்திருக்காது.

மறுநாள் காலை, ஜூரி உட்கார்ந்ததும், அவரைத் திரும்பவும் சாட்சி நாற்காலியில் ஏற்றினார்கள். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "நேத்து ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

ஸ்டிரௌட் சட்டென்று நிமிர்ந்தார். "எதை?"

"நூத்தி நாற்பத்தஞ்சுன்னேன். நூத்தி நாற்பத்தாறு. என் வீட்டுக்காரி காகிதம் வச்சிருக்கா."

"இதைச் சொல்லவா திரும்பி வந்தீங்க?"

"எனக்கு ஆசையில்லைங்க. சத்தியம் பண்ணிட்டேன்."

கடைசிப் பேச்சில் பெல் எழுந்து, தன் ஆயுளில் நன்றாகப் பேசிய முதல் பேச்சைப் பேசினார். "ஒமாஹா வக்கீல் சொல்றாரு, இந்த மனுஷர் இல்லாததைச் சொல்றவர்னு. சரி. ஆனா அவர் சொன்ன ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் தப்புன்னு பாருங்க. எல்லாம் குறைச்சுச் சொன்னது. சத்தியம் பண்ணிட்டுச் சொன்னப்பகூட ஒரு ஆட்டம் குறைஞ்சு போச்சு. இப்படிப்பட்டவர் கார் நாற்பது மைல்னு சொன்னா, நான் நாற்பத்தஞ்சோன்னு சந்தேகப்படுவேன்." ஸ்டிரௌட் ஆட்சேபித்தார். தன்னைப் பற்றிச் சொல்வதும் காரைப் பற்றிச் சொல்வதும் ஒன்றில்லை என்றார். நியாயமான ஆட்சேபம்தான். நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் ஜூரி கேட்டாகிவிட்டது.

இரண்டு மணி நேரத்தில் விளாஸ்தாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

பெல்லின் பேச்சால்தான் வழக்கு ஜெயித்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வெகு நாள் கழித்து, ஜூரியில் இருந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் தபாலாபீஸில் என்னிடம் சொன்னது வேறு. "கெஸ்லர் கண்ணைப் பத்தி நாங்க பத்து நிமிஷம்கூடப் பேசலைம்மா. பீட்டி எப்படி ஓட்டுவாருன்னு ஊருக்கே தெரியும். என் நாயைப் போன வருஷம் அடிச்சதே அவர்தான். யாராவது ஒருத்தர் முதல்ல வாயைத் திறக்கணும், அவ்வளவுதான்." எது நிஜம் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த டிசம்பர் சங்க விருந்துக்கு ஆமோஸுக்கு அழைப்பு வரவில்லை. லிங்கன் நகரத்திலிருந்து ஒரு மந்திரவித்தைக்காரரைக் கூப்பிட்டார்கள். முட்டையை மறைய வைப்பதில் ஒன்று கீழே விழுந்துவிட்டது என்று கேள்வி. பீட்டி யாரிடமும் ஆமோஸைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கடையில் விதை வாங்குவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஆல்பத்தை வந்து எடுத்துப் போகும்படி மூன்று கடிதம் அனுப்பினேன். வரவில்லை. அது இன்னும் எங்கள் சான்றுப்பொருள் அலமாரியில்தான் இருக்கிறது, ஒரு உடைந்த பூட்டுக்கும் யாரோ ஒருவரின் பொய்ப்பல் செட்டுக்கும் நடுவில்.

ஆமோஸை வருத்தியது அழைப்பு வராதது அல்ல. முடிவெட்டும் கடைக்காரர் ஸ்வென்சன் எனக்குச் சொன்னதிலிருந்துதான் இது தெரியவந்தது. ஜனவரியில் ஒரு நாள் ஆமோஸ் முடிவெட்ட உட்கார்ந்தவர், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஆளு முட்டையை மறைச்சாராமே. நானும் பத்தொன்பது வருஷம் பந்தை மறைச்சு மறைச்சு வீசினேன். மட்டைக்காரனைத் தவிர யாருக்கும் தெரியலை" என்றாராம். கடையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் பத்திரிகையை மடித்துவிட்டு மரியாதையாக, "அப்படிச் சொல்லாதீங்க மிஸ்டர் கெஸ்லர், நீங்க நூத்தி நாற்பத்தாறு ஜெயிச்சவரு" என்றாராம். அதுவரைக்கும் அந்தக் கடையில் அவரை எல்லோரும் 'யோவ் ஆமோஸ்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவர் தலையை அப்படியே தொங்கப் போட்டுட்டாரு. பின்கழுத்தைச் செரைக்க எனக்குச் சவுகரியமா இருந்தது" என்றார் ஸ்வென்சன்.

பிப்ரவரியில், ஐரோப்பாவிலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய செக் ஜனங்கள் தங்கள் மன்றத்தில் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவரையும் கோராவையும் கூப்பிட்டார்கள். விளாஸ்தாவின் ஏற்பாடு. என் அப்பா வழியில் நானும் அந்த ஜனம்தான். கிழவர்களில் பலருக்கு ஆங்கிலம் அரைகுறை, அதனால் ஆமோஸ் பேசினால் செக்கில் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வறுத்த வாத்து, மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ். ஆமோஸ் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அவரைப் பேசச் சொன்னார்கள்.

அவர் எழுந்த விதத்திலேயே ஒரு தெம்பு தெரிந்தது. இந்தக் கூடத்துக்கு அவருடைய வேடிக்கை எல்லாமே புதுசு. மேலே மாட்டியிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒரு வருஷம் எங்க முதலாளி என்னை இன்னொரு டீமுக்குக் கொடுத்துட்டு, பதிலுக்கு ஒரு பஸ் டயர் வாங்கிக்கிட்டாரு. நான் ரெண்டு மாசத்துல படுத்துட்டேன். டயர் நாலு வருஷம் ஓடிச்சு."

நான் செக்கில் சொன்னேன். எண்பது முகங்கள் அவரை உருக்கமாகப் பார்த்தன. பின்வரிசையில் ஒரு பாட்டியம்மா 'த்சொ' என்றாள். ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம், அந்தக் காலத்து முதலாளிகள் எல்லா இடத்திலும் ஒரே ஜாதிதான் என்றார்.

ஆமோஸ் குனிந்து என் காதில், "நீ சரியாத்தான் சொன்னியாம்மா?" என்றார்.

"ஒரு வார்த்தை விடலை, மிஸ்டர் கெஸ்லர்."

"டயர் ஓடிச்சுங்கிறதையும் சொன்னியா?"

"நாலு வருஷம்னும் சொன்னேன்."

அவர் இன்னும் இரண்டு சொன்னார். இரண்டுக்கும் அதே கதி. மூன்றாவது முடிந்ததும் கூடமே எழுந்து நின்று கைதட்டியது. விளாஸ்தாவுக்காகச் சாட்சி சொன்ன மனிதர், தன் கஷ்டங்களை இவ்வளவு அடக்கமாகச் சொல்கிறாரே என்று அவர்களுக்கு. ஆமோஸுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இந்த மாதிரி கைதட்டல் அவர் கடைசியாகக் கேட்டது முப்பது வருஷத்துக்கு முன்னால் இருக்கும். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். காது சிவந்திருந்தது.

விளாஸ்தா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பிளம் பழம் வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டித் தட்டோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய ஆங்கிலம் கட்டை குட்டையானது.

"நான் ஒண்ணு கேட்கணும். நீங்க ஜெயிச்ச நாள். அது எப்படி இருக்கும்?"

"எந்த நாள்?"

"ஏதாவது ஒண்ணு. நிறைய இருக்கே."

ஆமோஸ் கோராவைப் பார்த்தார். கோரா கொலாச்சியைக் கத்தியால் நாலாக வெட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஆமோஸ் ஏதோ வேடிக்கைக்கு வாயைத் திறந்ததை நான் பார்த்தேன், பிறகு மூடிக்கொண்டார்.

"பதினாலாம் வருஷம் ஒரு நாள்," என்றார். "ஆகஸ்ட். டெ மாயின்ல. காலையில எழுந்தப்பவே தோள் லேசா இருந்தது. காரணம் தெரியாது, அது அப்படித்தான், வந்தா வரும். முதல் பந்து கையை விட்டதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. கேட்சர் கை வச்ச இடத்துல போய் உக்காருது. அவர் கையை ஒரு விரல்கடை நகர்த்தினா, அதுவும் நகருது." அவர் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். விரல்கள் தாமாகவே ஒரு பந்தைப் பிடிக்கிற மாதிரி மடங்கின. "நாலாவது இன்னிங்ஸுக்கு மேல மைதானத்துல சத்தமே இல்லை. அவங்க ஊர் ஜனம், அவங்க டீமுக்குக் கத்த வந்தவங்க. ஒருத்தரும் கத்தலை. பந்து கையுறையில விழற சத்தம் மட்டும்தான். எனக்கு அது பிடிச்சிருந்தது."

"பயமா இருக்காதா?" என்றார் விளாஸ்தா.

"அன்னைக்கு இல்லை. அன்னைக்கு என்னை யாராலயும் தொட முடியலை."

சொல்லிவிட்டு அவர் சுற்றிலும் பார்த்தார், யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று. யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்கள். சொன்னேன். அடுத்த மட்டைக்காரர் யார், இடது கைக்காரரா என்று ஒருவர் கேட்டார். ஆமோஸ், ஆமாம், இடது கைதான், எப்படித் தெரியும் என்றார்.

நாலு மணிக்கு வடக்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. எனக்கு வீடு ஆறு மைல், ரோட்டில் பனி இறங்கிவிட்டால் கஷ்டம். என் இடத்தில் மொழிபெயர்க்கத் தபால்காரர் யானெச்செக்கை உட்காரவைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். அப்போது ஆமோஸ் அந்த டெ மாயின் ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் இருந்தார்.